பொன்மீனின் இல்லம்: குளம் முதல் குடுவை வரை

இலக்கியம் பயிற்றுவிப்போர்க்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், மனிதன் தன் கண்ணின்பத்திற்காக ஓர் உயிரை ஆயிரம் ஆண்டுகள் வளர்த்து, அதன் உருவத்தையே மாற்றி, பின் அது வாழ ஒரு வீட்டையும் சமைத்துக் கொடுத்த வரலாறு இலக்கிய மாணவர்க்குப் புறம்பானதன்று. அவ்வீடு யாருக்காகச் சமைக்கப்பட்டது, மீனுக்காகவா, அதைப் பார்ப்பவர்க்காகவா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. கடைக்குச் சென்று இரண்டு பொன்மீன்களையும் ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையையும் வாங்கி வருபவர், தம்மை அறியாமலே இக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் வருகிறார். அவ்விடை சரியானதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம்.

குளத்தில் வாழ்ந்த காலம்

பொன்மீனின் தாயகம் சீனம். கெண்டை இனத்தைச் சார்ந்த, சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுடைய ஒரு நன்னீர் மீனே இதன் மூதாதை. அம்மீன்களிடையே எப்போதேனும் ஒன்று இயல்பான நிற மாற்றத்தால் செம்பொன் வண்ணத்தோடு பிறக்கும். காட்டாற்றில் அத்தகைய மீன் நெடுநாள் பிழைப்பதில்லை. கொக்கின் கண்ணில் முதலிற்படுவது அதுவே. அதற்கு அடைக்கலம் தந்தது சமயம். பிடிபட்ட உயிர்களை விலைகொடுத்து வாங்கி நீரில் விடுவது அறம் எனக் கருதிய பௌத்தர்கள், கோயில்களை ஒட்டி 'உயிர்விடும் குளங்கள்' அமைத்தனர். அரிய நிறமுடைய மீன்கள் அக்குளங்களைச் சேர்ந்தன. சாங் அரச மரபின் காலத்தில் வாழ்ந்த பெருங்கவிஞர் சூ துங்போ (1037–1101), ஹாங்சோ நகரத்துப் பௌத்த மடமொன்றின் பொன்மீன்களைத் தம் பாடலிற் குறித்துள்ளார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாங் அரசு வடபுலத்தை இழந்து ஹாங்சோவைத் தலைநகராக்கிக் கொண்டது. 1162இல் அரியணை துறந்த பேரரசர் காவ்சோங் தம் ஓய்வுக்கால அரண்மனையில் பொன்மீனுக்கெனக் குளம் அமைத்தார். அரசர் செய்வதைப் பிரபுக்களும் செய்தனர். மீனை வளர்த்துப் பொன்னிறமாக்கித் தருவதே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் அந்நகரில் தோன்றிற்று. சாக்கடைகளில் நெளியும் சிறு செம்புழுக்களை அவர்கள் மீனுக்கு இரையாக இட்டனர் என்று யுவே கே என்னும் ஆசிரியர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்துள்ளார்.

அவர் தரும் மற்றொரு செய்தி நம் கருத்துக்கு மிக இன்றியமையாதது. வூ ஷி என்னும் படைத்தலைவன் ஹாங்சோவிலிருந்து தொலைவிலுள்ள சிச்சுவான் நாட்டிற்குத் திரும்பியபோது, தான் சேர்த்த பொன்மீன்களைக் கைவிட மனமின்றி உடன் கொண்டுசென்றான். மூன்று பெரும் படகுகளில் ஹாங்சோ ஏரியின் நீரையே முகந்து நிரப்பி, அந்நீரில் மீன்களை மிதக்கவிட்டு, அவற்றைப் பேணத் தெரிந்த ஹாங்சோ ஆட்களையும் அழைத்துச் சென்றானாம். பின்னாளில் அரசத் துரோகி என்று பழிக்கப்பட்டு அழிந்தவன் அவன். ஆயினும் ஒன்றை அவன் அறிந்திருந்தான். மீனின் வீடு என்பது மண்ணோ பளிங்கோ அன்று. நீரே அதன் வீடு. வீட்டை மாற்றினால் மீன் பிழைக்காது என்பதற்காக வீட்டையே படகிலேற்றிக் கொண்டுபோனான்.

தொட்டிக்குள் வந்த காலம்

மிங் அரச மரபின் காலத்தில், குறிப்பாகப் பதினாறாம் நூற்றாண்டில், பொன்மீன் குளத்தை விட்டு வீட்டு முற்றத்துத் தொட்டிக்கு இடம்பெயர்ந்தது. லீ ஷிசென் 1578இல் முடித்த மருத்துவப் பெருநூல், வீடுகள்தோறும் இம்மீன் வளர்க்கப்படுவதைக் குறிப்பிடுகிறது. 1596இல் ஜாங் சியென்தே என்பவர் பொன்மீன் வளர்ப்புக்கென்றே ஒரு சிறுநூல் இயற்றினார். அப்போது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். கோடைதோறும் சந்தையிலிருந்து மீன்களை வாங்கிப் பல தொட்டிகளிற் பகிர்ந்து வளர்த்து, நாள்தோறும் குறையுடையவற்றை நீக்கிக்கொண்டே வந்து, நூற்றுக்கு ஒன்றிரண்டை மட்டும் எஞ்சவிட்டதாக அவர் எழுதுகிறார்.

இவ்விடமாற்றத்தின் விளைவு பெரிது. குளத்தில் விரைந்து நீந்தாத மீன் இரையை இழக்கும். தொட்டியிலோ போட்டியில்லை, இரை தேடி வரும். எனவே, குளத்திற் பிறந்தால் பிழைத்திராத உருவங்கள் தொட்டியிற் பிழைத்தன. இரட்டை வாலுடையவை, குறுகிப் பருத்த உடலுடையவை, விழி புறத்தே துருத்தியவை, முதுகுத்துடுப்பே இல்லாதவை என வகைகள் பெருகின. சீன உயிரியலாளர் சென் சென் (அறிவியல் உலகில் ஷிசான் சென்) இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பொன்மீனின் மரபியலை ஆராய்ந்து, தொட்டி வாழ்க்கையும் தெரிந்தெடுத்து வளர்த்தலும் இவ்வுருமாற்றங்களுக்கு எவ்வாறு வழிகோலின என்பதை விளக்கினார். வீடு மாறியது, குடியிருப்பவன் உருவமும் மாறியது.

தொட்டி மண்ணாலோ பீங்கானாலோ ஆனது. பக்கவாட்டில் எதுவும் தெரியாது; மேலிருந்து குனிந்துதான் காணவேண்டும். ஆகவே மேலிருந்து காண எவை அழகோ அவையே தெரிவு செய்யப்பட்டன. விரிந்த இரட்டை வாலும் இருபுறமும் துருத்திய விழிகளும் மேற்பார்வைக்கே அழகு. வானோக்கி விழி திரும்பிய ஒரு வகையும் உண்டு. பார்ப்பவனை மீனும் நிமிர்ந்து பார்ப்பதுபோல் தோன்றும். மனிதன் நின்ற திசையை நோக்கியே மீனின் உடல் செதுக்கப்பட்டது எனலாம்.

எனினும் அக்காலத்தார் மீனின் நலத்தை மறந்தவர் அல்லர். அடி குறுகி வாய் அகன்ற தொட்டியே ஏற்றது என்பது மிங் காலக் குறிப்புகளிற் காணப்படும் அறிவுரை. மற்றொன்று நம்மை வியக்கவைப்பது. புதிய தொட்டியில் நீர் ஊற்றுமுன் அதன் உட்புறத்தைப் பச்சைச் சேப்பங்கிழங்கால் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பாசி படியும், நீர் 'உயிர்பெறும்' என்றனர். ஏன் என்று அவர்கள் அறியார். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இத்தொட்டிகளோடு ஒரு துயரக்கதையும் இணைந்துள்ளது. பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஜிங்தெஜென் நகரின் அரசச் சூளைகளில், நாக உருவம் தீட்டிய மாபெரும் தொட்டிகளைச் சுடுமாறு வான்லி பேரரசரின் ஆட்கள் ஆணையிட்டனர். அத்தகைய தொட்டிகள் நீர் நிறைக்கவும் மீன் வளர்க்கவும் பயன்பட்டவை. சுடச்சுட அவை வெடித்தன, தொழிலாளர் தண்டிக்கப்பட்டனர். 1599ஆம் ஆண்டு, தன் தோழர்களின் துயர் பொறாத தோங் பின் என்னும் குயவர் எரியும் சூளைக்குள் பாய்ந்து உயிர்விட்டார் என்றும், மறுநாள் தொட்டி பழுதின்றி வந்தது என்றும் அந்நகர மரபு கூறும். அவரைச் சூளைத் தெய்வமாக்கிக் கோயில் எடுத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் சூளைகளை மேற்பார்த்த தாங் யிங் அவர் வரலாற்றை எழுதினார். பிறர் கண்ணுக்கு அழகு சேர்க்கும் பாண்டங்களின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க இக்கதை ஒன்றே போதும்.

யப்பானியரும் கண்ணாடியும்

யப்பானில் பொன்மீன் 1502இல் சகாய் துறைமுகத்தில் வந்திறங்கியது என்பது 1748இல் வெளிவந்த பொன்மீன் வளர்ப்பு நூலொன்று தரும் செய்தி. 1724இல் யனகிசவா குடும்பத்தின் தலைவர் கொரியாமா கோட்டைக்கு மாற்றப்பட்டபோது பொன்மீனும் உடன் சென்றது. ஊதியம் போதாத சாமுராய் வீரர்கள் பிற்காலத்தில் பக்கத் தொழிலாக அதனை வளர்த்தனர். யமடோகொரியாமா என்னும் அந்நகரம் இன்றும் பொன்மீனுக்குப் பெயர்பெற்றது. முதுகுத்துடுப்பற்ற 'ரன்சூ' வகையை இன்றும் யப்பானிய வல்லுநர் ஆழமற்ற அகன்ற தொட்டியிலிட்டு மேலிருந்து நோக்கியே தரம் பிரிக்கின்றனர்.

எதோ காலத்தில் கண்ணாடி உருண்டையில் மீனை இட்டுக் கூரை விளிம்பில் தொங்கவிடும் வழக்கமும் தோன்றிற்று. மரச்செதுக்கு ஓவியங்களில் அக்காட்சியைக் காணலாம். ஒசாகாவின் பெருவணிகன் யோதோயா தத்சுகொரோ தன் அறையின் விதானத்தையே கண்ணாடித் தொட்டியாக்கி, படுத்தபடி மேலே நீந்தும் மீன்களைக் கண்டு களித்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. தகுதிக்கு மீறிய ஆடம்பரம் எனக் காரணங்காட்டி அரசு 1705இல் அவன் செல்வம் முழுவதையும் பறித்துக்கொண்டது. விதானக் கதை மிகையாகவும் இருக்கலாம். செல்வம் பறிக்கப்பட்டது வரலாறு. குனிந்து பார்த்த மனிதன், பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் பார்க்க ஆசைப்பட்டான் என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய செய்தி.

ஐரோப்பியக் குடுவை

பதினேழாம் நூற்றாண்டில் பொன்மீன் ஐரோப்பாவை எட்டியது. இலண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பீஸ் 1665ஆம் ஆண்டு மே மாதம், கண்ணாடிப் பாத்திரத்து நீரில் அழகிய அயல்நாட்டு மீன்களைக் கண்டு, அவை அப்படியே என்றும் வாழும் எனக் குறித்து வைத்தார். அவை பொன்மீன்கள்தாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. கண்ணாடிக்குள் இட்டுவிட்டால் மீன் தானே வாழும் என்னும் மயக்கம் அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கிறது.

ஆங்கில இலக்கியம் பயின்றோர் தாமஸ் கிரேயின் பூனைப் பாடலை அறிவர். 1747இல் ஹோரஸ் வால்போலின் செலிமா என்னும் பூனை, பொன்மீன் நிறைந்த சீனப் பீங்கான் தொட்டியில் தவறி விழுந்து இறந்தது. நண்பர் கிரே அதற்கு ஒரு போலி இரங்கற்பா பாடினார். பூனைக்குப் பாட்டுக் கிடைத்தது. தொட்டி வரலாற்றுப் பொருளாகப் பேணப்படுகிறது. அதில் வாழ்ந்த மீன்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1789இல் வெளிவந்த கில்பர்ட் வைட்டின் இயற்கை வரலாற்று நூல், கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த பொன்மீன்களைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட பகுதியொன்றைக் கொண்டது. கண்ணாடியும் நீரும் சேர்ந்து மீனைப் பெரிதாக்கியும் திரித்தும் காட்டும் விந்தையை அவர் வியந்தார். சிலர் குடுவையின் நடுவே நீர் புகாத ஓர் உட்குழிவை ஊதச்செய்து, அதில் சிறு பறவையை இட்டு, நீரின் நடுவே பறவை துள்ளுவதுபோலவும் அதனைச் சுற்றி மீன் நீந்துவதுபோலவும் காட்டி மகிழ்ந்ததையும் பதிவு செய்தார். எளிய இயல்பான முறையே தமக்கு உவப்பானது என்பதும் அவர் கருத்து. சிறைக்குள் சிறை வைத்து, அதனை வேடிக்கை என்றழைத்த காலம் அது.

அறிவியல் தந்த விடை

மீன் ஏன் குடுவையில் இறக்கிறது என்னும் கேள்விக்கு முதல் தெளிவான விடை ஒரு வேதியியலாரிடமிருந்து வந்தது. இலண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன், 12 காலன் (ஏறத்தாழ 54 லிட்டர்) கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வல்லிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். செடி உயிர்வளி தரும், மீன் கரிவளி தரும், ஒன்றை மற்றொன்று வாழவைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. நீர்நத்தைகளைச் சேர்த்தார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதனை வேதியியற் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். இரண்டு சிறு மீன்களுக்கு 12 காலன் கலம் என்பதை அன்பர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு முன்பே, 1832இல், ழான் வில்ப்ரே பவர் என்னும் அம்மையார் சிசிலித் தீவில் கடலுயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டி அமைத்திருந்தார். பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியது. கண்ணாடிப் பலகை மலிந்தது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் தம் நூலின் வழியே 'அக்வேரியம்' என்னும் சொல்லைப் பரப்பினார். நான்கு மூலையுள்ள தொட்டி இவ்வாறு வீடுகளுக்குள் புகுந்தது.

ஆனாலும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது அம்மீனுக்கே நஞ்சு. குளத்தில் இந்நஞ்சு எங்கே போகிறது? 1877இல் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் செயலே என்று மெய்ப்பித்தனர். 1890இல் விநோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனைப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட்டாக்கும். இவை தொட்டிச் சுவரிலும் கல்லிலும் வழுவழுப்பான படலமாகப் படிந்து வாழ்வன. மிங் காலத்தார் சேப்பங்கிழங்கால் தேய்த்து வரவழைக்க முயன்ற 'உயிருள்ள நீர்' இதனோடு தொடர்புடையது என்றே நாம் எண்ணுகிறோம். காரணம் அறியாமலே அவர்கள் பயனைக் கண்டிருந்தனர்.

உருண்டைக் குடுவையின் குற்றங்கள்

இவ்வளவும் அறிந்த பின்னர் உருண்டைக் குடுவையை ஆராய்ந்தால் அதன் குறைகள் தாமே வெளிப்படும். முதலாவது, நீரின் அளவு மிகக் குறைவு. நஞ்சு விரைவில் செறியும். இரண்டாவது, கழுத்துவரை நீர் நிரப்பினால் காற்றைத் தொடும் பரப்பு ஒரு தட்டளவு கூட இராது; உயிர்வளி அப்பரப்பின் வழியேதான் நீருள் புகவேண்டும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்கும். 30 பாகையில் ஏழரையே ஏற்கும். சென்னைக் கோடையில் அக்குடுவை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, வடிகட்டியைப் பொருத்த இடமில்லை. நாற்புறமும் ஒளியும் நடமாட்டமும் சூழ, மீன் ஒதுங்க மறைவில்லை என்பது நான்காவது.

சட்டமும் இதனைக் கண்டுகொண்டது. இத்தாலியின் மொன்சா நகரம் 2004இல் வளைந்த குடுவையில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்தது. மீனுக்கு உலகம் திரிந்து தெரியும் என்பது அந்நகர் சொன்ன காரணம். உரோமாபுரி 2005இல் அவ்வழி சென்றது. எல்லாப் பக்கமும் ஊடுருவிப் பார்க்கும்படித் தொட்டி இருத்தலாகாது என்று 2008இல் வந்த சுவிட்சர்லாந்து விலங்குப் பாதுகாப்பு ஆணை விதிக்கிறது. செய்தி கேட்டுச் சிரித்தவர் பலர். 'மூன்று நொடி நினைவுள்ள மீனுக்கு இத்துணை அக்கறையா' என்றனர். அந்த மூன்று நொடிக் கதை பொய். 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் அக்ரனாஃப், நினைவு எவ்வாறு நிலைக்கிறது என்பதை ஆராயத் தேர்ந்தெடுத்த உயிரே பொன்மீன்தான். நினைவில்லாத உயிரில் நினைவை ஆராய முடியுமா? 2022இல் இசுரேலின் பென்குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர், சக்கரம் பூட்டிய நீர்த்தொட்டியைத் தன் நீச்சலால் இலக்கு நோக்கிச் செலுத்தப் பொன்மீன் கற்றுக்கொண்டதை வெளியிட்டனர்.

ஆயுளையும் நோக்க வேண்டும். 1956இல் இங்கிலாந்தில் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்னும் பொன்மீன் 1999இல், 43ஆம் வயதில் இறந்தது. அத்தகைய நெடுவாழ்வு அரிதெனினும், பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது நல்ல இல்லத்தில் இயல்பே. குடுவை மீன் சில வாரங்களில் மிதக்கிறதென்றால், குறை மீனின் ஆயுளில் இல்லை. நாம் கொடுத்த வீட்டில் இருக்கிறது.

எவ்வில்லம் தகுந்தது?

வரலாறு கற்பித்தவற்றைத் தொகுத்துக் காண்போம்.

முதலில் மீனின் வகையை அறிதல் வேண்டும். ஒற்றை வாலும் நீண்ட உடலும் உடையவை விரைந்து நீந்துவன. முப்பது செண்டிமீட்டர் வரையும் வளரத்தக்கன. இவற்றிற்குத் தோட்டத்துக் குளமோ மிக நீண்ட தொட்டியோதான் ஏற்றது. இரட்டை வாலும் உருண்டை உடலும் உடையவை மெல்ல நீந்துவன. இரண்டிற்கு எழுபது, எண்பது லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். இருவகையையும் ஒன்றாக விட்டால் விரைந்தவை உண்ணும், மற்றவை பட்டினி கிடக்கும். குளத்தில் நிகழ்ந்த பழைய போட்டி தொட்டியில் மீண்டும் நிகழும்.

உயரத்தைவிட அகலமும் நீளமுமே முதன்மை. மிங் காலத்தார் சொன்ன அகன்ற வாய் இன்றும் மாறாத விதி. வடிகட்டி கட்டாயம் வேண்டும். அதில் நுண்ணுயிர் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே வீடு முதலில், மீன் பின்னர். தொட்டியைக் கழுவுகிறோம் என்று வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசினால் அவ்வுயிர்கள் மாளும். தொட்டி நீரிலேயே அலச வேண்டும். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுதல் நன்று. புதிய நீர் குளோரின் நீங்கியதாக இருத்தல் வேண்டும். பின்பக்கத்தை ஒரு தாளால் மறைத்து, உள்ளே செடியோ கல்லோ இட்டு மீனுக்கு ஒதுக்கிடம் தருக.

வளர்ந்துவிட்டதென்று ஏரியில் விடுதலும் அறமாகாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் அவ்வாறு விடப்பட்ட பொன்மீன்கள் ஒரு கிலோவுக்கு மேல் பெருத்து, பல்கி, அங்குள்ள நீர்வாழ்வனவற்றிற்கு இடையூறாகியுள்ளன. உயிர்விடும் குளத்தில் தொடங்கிய கதை இவ்வாறு முடிவது நகைமுரணே.

சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வணிகம் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அங்குள்ள அனுபவமிக்க வளர்ப்போரிடம் கேட்டால், மீனைக் காட்டிலும் நீரைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர். அப்பேச்சைக் கேட்டுவிட்டு வாங்குவோர் குறைவு. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவோரே மிகுதி.

ஆயிரம் ஆண்டுகளாக இம்மீனின் உருவத்தை நாம் மாற்றினோம். அதனால் மிகவும் உருமாறிய வகைகள் இனி ஆற்றுக்குத் திரும்பி முன்போல் வாழ்வது அரிது. குறுகிய உடலும் துருத்திய விழியும் கொண்ட ஒன்றைக் கொக்கு விடாது. நம் கண்ணுக்காக இவ்வாறு உருமாற்றப்பட்ட உயிர் நம் பொறுப்பிலன்றி வாழ்வது அரிது என்னும்போது, அதற்கு நல்ல வீடு தருதல் நாம் செய்யும் தயவு ஆகாது. நாம் பட்ட கடன். வூ ஷி ஒரு துரோகியாகவே வரலாற்றில் நிற்கிறான். ஆனால் மூன்று படகு நிறைய நீர் கொண்டுசென்ற அவன், இக்கடனை மட்டும் உணர்ந்திருந்தான்.